இடது காதுக்கு அரை நிமிடம்

அவர் கூரியர் வண்டி ஓட்டுகிறவர். ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றே காதைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொன்னதும், மனைவி ஒரு டப்பா நுரைப்பஞ்சுக் காதடைப்பான் வாங்கி வந்தாள். காலையில் வலது காதுக்கு அவரே வைத்துக்கொள்வார். இடது காதுக்கு அவள்தான். விரலிடுக்கில் ஊசிபோல உருட்டி உள்ளே நுழைத்து, அது உப்பி அடைக்கும்வரை அழுத்திப் பிடித்திருப்பாள். அரை நிமிடம் ஆகும்.

ஒருநாள் ஏதோ சின்னச் சண்டை. அவளிடம் காதைக் காட்டாமல், இயர்போனை மாட்டிப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மத்தியானம் திரும்பியபோது வாசலில் கூட்டம். உள்ளே அவளைக் கிடத்தியிருந்தார்கள்.

"நீங்க வண்டிய எடுக்கறப்பவே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு மூணு தடவ கூப்பிட்டாங்களே, காதுல விழலையா?" என்று அழுதாள் பக்கத்து வீட்டுக்காரி.

அதோடு பாட்டும் போயிற்று, அடைப்பானும் போயிற்று. "காதை வச்சிருந்து என்னத்தக் கிழிச்சேன்?" என்பார், யாராவது கேட்டால்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஹெல்மெட்டின் மேல் ஒற்றை அடைப்பான் இருந்தது. ஊசிபோல உருட்டியிருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை. அவர் பார்க்கப் பார்க்க அது மெல்ல உப்பித் தடித்தது. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள், அது உப்புவதற்குள் எடுத்து இடது காதில் வைத்தார். அழுத்திப் பிடிக்க மனம் வராமல் கையைத் தொங்கவிட்டுவிட்டார்.

அடைப்பான் விழவில்லை. அது முழுதாக உப்பி அடைக்கும்வரை, ஒரு விரல் அவர் காதை அழுத்திப் பிடித்திருந்தது.