கேலரியைப் பார்க்காதவள்

உயரக்காரி மறுபடியும் கேலரியைப் பார்த்தாள்.

பாயின்ட் போனதும் அவள் கண் அப்பாவைத் தேடியது. மூன்றாவது வரிசையில் இருந்த அவர் தொப்பியைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், பிறகு இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டினார். பாவம், ரிவர்ஸ் வருகிற லாரிக்கு வழி காட்டுகிறவர் மாதிரி இருந்தார்.

எதிர்ப்பக்கம் நீலப் பட்டை. நெற்றியில் நீலப் பட்டை கட்டியிருந்ததால் அந்தப் பெயர். எங்கள் தேர்வுக் குழுவில் பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. பெயர் தெரிந்தால் பாசம் வரும். பாசம் வந்தால் கண் கெட்டுவிடும்.

பதினான்கு வயதுப் பெண்கள் டென்னிஸ் ஆடுவதைப் பார்த்து, இவர்களில் யார் முப்பது வயதிலும் ஆடிக்கொண்டிருப்பாள் என்று சொல்வது என் வேலை. சொன்னது பெரும்பாலும் பலித்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் என்னைக் கருநாக்கு என்பார்கள். சில அப்பாக்கள் காபி வாங்கித் தருவார்கள். குடித்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

இன்று எனக்கு லீவு. குழுவின் மற்ற மூவரும் நிழலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்க, நான் கேலரியின் முதல் வரிசையில் வெயிலில் இருந்தேன்.

இருப்பது ஒரே இடம். ஜெயிப்பவளுக்கு அல்ல, குழு தேர்ந்தெடுப்பவளுக்கு. அடுத்த வாரமே விமானம் ஏறி வேறு நாட்டுப் பயிற்சி விடுதிக்குப் போய்விடுவாள். வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பெரிது. அங்கே போன பெண்களுக்கு அம்மா என்றால் போன் திரையில் தெரியும் பாதி நெற்றி.

நான் ஆடுகிற கையைப் பார்ப்பதில்லை. சர்வீஸைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பாயின்ட் போனதும் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். கேலரிக்கு ஓடுகிற கண் இருபது வயதுக்குள் களைத்துவிடும். அது தேடுகிற நாற்காலி என்றைக்காவது காலியாகத்தானே போகிறது.

பார்க்காதவள்தான் நிற்பாள்.

குழுவில் இதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தைரியமாவது ஒன்றாவது. பார்க்காத அந்தப் பெண்களும் சின்ன வயதில் பார்த்தவர்கள்தான். பார்த்துப் பார்த்து, அங்கே யாரும் இல்லாமல், ஒருநாள் பார்ப்பதையே விட்டவர்கள்.

நீலப் பட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பாயின்ட் போனால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். மட்டையின் நரம்புகளை விரலால் நேராக்குவாள். அவ்வளவுதான்.

இரண்டாவது செட்டில் சறுக்கி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்தது. என் கை தானாகக் கைப்பையைத் திறந்தது. பழைய ஆட்டக்காரிகள் பையில் பிளாஸ்டர் எப்போதும் இருக்கும்.

அவள் ரத்தத்தைக் கொஞ்சம் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டையால் துடைத்தாள். அடுத்த பந்துக்குக் கை நீட்டினாள்.

நான் பையை மூடிக்கொண்டேன்.

உயரக்காரி ஜெயித்தாள். கேலரியில் நல்ல கைதட்டல். கொஞ்ச நேரம் கழித்துக் குழுத் தலைவர் மேசையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கோர்ட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“லீவுல இருக்கறவங்ககிட்ட கேக்கக் கூடாதுதான், மேடம். ஆனா நாங்க மூணு பேரும் குழம்பிப்போய் இருக்கோம். யாரு நிப்பா?”

ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். நீலப் பட்டை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் பையைத் தூக்கி எறிந்துவிட்டு என்ன இருக்கிறது என்று அடுக்களையில் மூடிகளைத் திறந்து பார்ப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிரிப்பாள். இந்த நாக்கு ஒரே ஒரு தடவை பொய் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அது வேண்டும் போலத்தான் இருந்தது.

“நீலப் பட்டை” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த வாரமே கிளம்பணும்.”

“யோசிச்சாச்சு சார். அவதான் நிப்பா.”

அவர் நாற்காலியின் முதுகை இரண்டு தடவை தட்டிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று காத்துக்கூடப் பார்த்தேன். நாக்கு மட்டும் வறண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் காலடியிலேயே இருந்தது, குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

அறிவித்தார்கள். உயரக்காரி ஓடிப்போய் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்தும் இடம் போய்விட்டது. தலைவர் என்னிடம் வந்து போனதை அந்த அப்பா பார்த்திருக்க வேண்டும். மகளின் தலைக்கு மேலாக என்னை முறைத்தார். முறைக்கட்டும். அழுகிற மகள் அவர் கைக்குள் இருந்தாள்.

நீலப் பட்டை மூன்று பேரிடமும் கை குலுக்கினாள். சிரிக்கவில்லை. மட்டைகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பிக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். முதல் வரிசையை ஒட்டியே நடந்தாள். என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

நாலு அடி போனவள் நின்றாள். திரும்பினாள்.

“அம்மா? நீங்க எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான்” என்றேன்.