நோன்பு முடிஞ்ச பிறகும் கஞ்சி

"நோன்பு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இன்னும் கஞ்சியே காய்ச்சிக்கினு கீறியே, அதுலயும் காரமே இல்ல."

"கை பழகிப்போச்சு. வேணாம்னா போங்க."

செவுத்துக்கு அந்தப் பக்கம் குலாம் ரசூல் பாயும் அவர் சம்சாரம் நஸ்ருன்னிசாவும். மயிலாப்பூர்ல எங்க சந்துல தினம் மத்தியானம் இதே சண்டைதான். முடிஞ்சதும் பாய் சட்டியோட என் வாசலுக்கு வருவார்.

"கங்காதரா, கொட்டுனா பாவம். நீயாச்சும் குடிப்பா."

எனக்கு வாயில புத்துநோய். ஆஸ்பத்திரியில ரேடியம் வெக்கிறாங்க. வாயெல்லாம் புண்ணு, காரம் பட்டா உயிர் போவுது. இன்னும் எடை கொறைஞ்சா வைத்தியத்த நிறுத்தணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா நான் யார்கிட்டயும் சும்மா கைநீட்டி வாங்கினதில்ல. இது எப்படியும் கொட்டப்போற கஞ்சி, அதனால வாங்கினேன். அரிசியும் கறியும் கொழைய வெந்து, வலியில்லாம தொண்டையில எறங்கும். ரெண்டு ராத்தல் ஏறிட்டேன்.

நேத்து காலையில பாய் என்கிட்ட சொல்லிட்டு வேலூருக்கு ரயிலேறப் போனார்.

மத்தியானம் அதே நேரத்துக்கு நஸ்ருன்னிசா சத்தம் கேட்டுது. "கை பழகிப்போச்சு." பாய் பேசற இடத்துல கொஞ்சம் சும்மா இருந்துச்சு. அப்புறம், "வேணாம்னா போங்க."

சட்டியோட வந்துச்சு. "அவரு கோவிச்சிக்கினு போய்ட்டாருண்ணே. கொட்டிடவா?"

"குடும்மா"ன்னு வாங்கிக் குடிச்சேன்.

பாய் நாளைக்கு வந்துடுவார். சண்ட எனக்காகத்தான்னு எனக்குத் தெரியும்னு சொல்லிடட்டுமா, இல்ல அவங்க இன்னும் கொஞ்ச நாள் சண்ட போடட்டுமா? படிக்கிறவங்க ஒரு கார்டு எழுதிப் போடுங்க.