டோக்கன் நாற்பத்திரண்டு

சின்ன வயதுக் காயங்களை ஜெபித்தே ஆற்றுவதில் பாஸ்டரை மிஞ்ச ஆளில்லை. கண்ணைத் திறந்தால் அபிஷேகம் கலைந்துவிடுமாம். அதனால் மூடிய கண்களோடே, வரிசையில் முழங்காலிட்டிருப்பவர்களின் தலையில் கை வைத்துக்கொண்டே போவார்.

நாற்பத்திரண்டாம் டோக்கன் முக்காட்டுக்குள் விசும்பியது.

"உன்னைக் காயப்படுத்துனது யாரும்மா?"

"எங்கப்பா. ஒரு நாள்கூட உக்காந்து நான் பேசுறதைக் கேட்டதில்ல."

எங்கேயோ கேட்ட குரலாகத்தான் இருந்தது. பாஸ்டருக்குப் பிடிபடவில்லை.

"கல் நெஞ்சுக்காரன்! அந்தப் பாவியை மன்னிச்சிடும்மா."

"நேர்ல சொல்லணும்னு ஆசை."

"அப்போ வீட்டுக்குப் போய்ச் சொல்லு. பின்னால நிறையப் பேர் காத்திருக்காங்க."

"வீட்டுலதான் உங்களுக்கு நேரமே இல்லையே. அதான் டோக்கன் வாங்கிட்டு வந்தேன், அப்பா."

பாஸ்டருக்கு அபிஷேகம் கலைந்தது.