நான்காம் படத்தில் ஒரு கை

"அழிச்சுப்போடாதீங்க!" நஸ்ரியா பாய்ந்து வந்து மவுஸைப் பிடுங்குகிறாள். டிசைனர் மதன்குமார் திகைத்துப்போய்ப் பார்க்கிறான். திரையில் கிரைண்டர் கையேடு. நான்காம் படத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை. லிவரைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை. விரல் நுனியில் உளுந்து மாவு, மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல். "ஏனுங்கக்கா, புது மாடல்ல லிவரே கிடையாதுங்க. பட்டன்தான். பிரஸ்ல வேற கத்தீட்டிருக்காங்க." "தெரியும். பட்டனைப் பத்தி எழுதினதே நான்தானே." கீழே காந்திபுரத்து டவுன் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடிக்கிறது. சன்னல் வழியே சாய்ந்து வரும் வெயில் திரையில் விழ, வளையல் நிஜமாகவே மின்னுவது போலிருக்கிறது. நஸ்ரியாவின் விரல் அந்தப் புறங்கையை மெல்லத் தடவுகிறது. திரைக் கண்ணாடியின் சூடுதான் தட்டுப்படுகிறது. "கைக்கா பஞ்சம்? நானே வளையல் மாட்டிக்கிட்டு பட்டனை அமுத்துறேனுங்க" என்கிறான் மதன்குமார். நஸ்ரியா சிரிக்கிறாள். விரலை மட்டும் எடுக்கவில்லை. அப்புறம் மவுஸை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "மாத்திருங்க தம்பி. எங்கம்மா கை அது. இருந்த வரைக்கும், ஆதார் கார்டைத் தவிர எந்தப் படத்துக்கும் நின்னதில்லைங்க. நான் கெஞ்சினேன்னு, கையை மட்டும் நீட்டினாங்க."