அணையாத லைட்டு

கேஸ் லைட்டு மெக்கானிக் சத்தார், ஆறு மாசம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த லைட்டு அது. காற்றுக்கு இரட்டைக் கண்ணாடி, மழைக்குத் தகரக் குல்லா, அடிக்கடி பம்பு அடிக்கத் தேவையில்லாத பெரிய டேங்க். புயலன்று பொழுது சாய, ஏரிக்கரைக் காவலுக்குப் போன மச்சான் ஹனீஃபாவிடம் அதைக் கொடுத்தனுப்பினான்.

"கரை தாங்குமோ இன்னாவோ. தம்பிய ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் அவன் மனைவி ஆலம் பீ.

சத்தார் ஜன்னலைத் திறந்தான். "மலைக் கோயில் லைட்டே பூடுச்சு. என் லைட்டு எரிஞ்சிகினு இருக்குது பாரு! கரையில லைட்டு அணைஞ்சாத்தானே காவக்காரனுக்கு ஆபத்துன்னு ஊரே ஓடும்? அவன் நல்லாத்தான் கீறான்."

அவளும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

விடிந்தபோது பாதிக் கரையைக் காணோம். வேப்பங்கிளையில் லைட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, சரிந்த மண்ணில் ஹனீஃபா கிடந்தான். மரத்தின் வேரைப் பற்றிய கை செத்தும் விடவில்லை.

தலையாரி ஷண்முகசுந்தரம் தலையிலடித்துக்கொண்டார்.

"நாங்களும் பாத்துகினேதான் இருந்தோம் பாய். பழைய லைட்டா இருந்தா, பம்பு அடிக்க ஆளில்லாம அப்பவே அணைஞ்சிருக்கும். ஓடியாந்திருப்போம்."