கூப்பிட்ட குரலுக்கு

கலைவாணியின் நெற்றியில் பவ்யா பஞ்சை வைத்து அழுத்தினாள். வெள்ளைப் பஞ்சு உடனே சிவந்து கனத்தது.

"பாறையில வழுக்கிட்டா," என்றான் லோகேஸ்வரன், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "எங்கூட்டு மகாராணிக்குத் தார் ரோட்டுலயே நடக்க வராது. மலைக்கு இட்டாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கையைப் பிடிச்சி நடத்திக்கினு போணும்ணா. அக்கா விழுந்தா உங்களுக்கு யாரு டிபன் கட்டுறது?" என்றாள் பவ்யா. அவனோடு ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை செய்பவள். மூன்று நாள் மலையேற்றத்துக்குத் திருப்பதியிலிருந்து கிளம்பி வந்திருந்த அந்த அலுவலகக் கூட்டம் மொத்தமும் சிரித்தது.

கலைவாணியும் சிரித்தாள். சிரிக்கும்போது கோரைப் பல் ஒன்று ஆடியது.

வழுக்கவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் வைத்து ஊன்றுகோலால் அடித்திருந்தான். நெற்றியில் பட்டது கை தவறிய அடி. மற்றதையெல்லாம் துணிக்குள் மறையும் இடமாகப் பார்த்துத்தான் போட்டான்.

"கூப்ட்டா வாயில இன்னா வெச்சிக்கினு இருக்க?" ஒவ்வொரு அடிக்கும் அதையே கேட்டான்.

அவள் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வழிகாட்டி பாலையா. முந்தின நாள் காட்டுக்குள் நுழையும்போது எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்.

"உள்ள யாருனா பேர் சொல்லிக் கூப்ட்டா உடனே ஏன்னு கேக்காதீங்க. காட்டுல இருக்கிறது ரெண்டு வாட்டிதான் கூப்டும். மனுசன்னா மூணாவது வாட்டியும் கூப்டுவான். அப்போ பேசுங்க, போதும்."

மற்றவர்கள் ஒருவரையொருவர் பேய்க்குரலில் கூப்பிட்டு விளையாடினார்கள். கலைவாணிக்கு விளையாடத் தோன்றவில்லை. கூப்பிட்டதும் எழுந்து ஓட வேண்டாம் என்ற இடம் ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் லோகேஸ்வரனிடம் மூன்றாவது கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து, இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகு கைதான் வரும். பங்காருபாளையம் மண்டியில் யாரோ யாரையோ "வாணீ" என்று கத்தியதற்கே அவள் கையிலிருந்த மாங்காய்ப் பை நழுவி விழுந்திருக்கிறது. மனசுக்கு எட்டும் முன்பே அவள் உடம்புக்கு அந்தக் குரல் எட்டிவிடும்.

நடுப்பகலில் அருவிக்கு மேலே தங்கினார்கள். மற்றவர்கள் குளிக்கக் கீழே இறங்கினார்கள். அந்த இரைச்சலில் மேலே என்ன நடந்தாலும் அவர்களுக்குக் கேட்காது.

"போட்டோ எடுக்கலாம் வா," என்று அவளைப் பாறை விளிம்புக்கு இழுத்துப்போனான். கூடாரத்துக் கயிற்றுச் சுருளை அவள் தோளிலிருந்து இறக்கக்கூட விடவில்லை.

கூந்தலைக் கையில் சுற்றி, தலையைப் பள்ளத்தின் மேல் தள்ளிப் பிடித்தான். முழங்காலை முதுகில் ஊன்றினான். நெற்றிக் காயம் மறுபடி பிளந்து ரத்தம் மூக்கு நுனியில் திரண்டு சொட்டியது. அது போய் விழும் இடம் தெரியவில்லை.

"ஸ்டேஷன்ல எம்மேல கம்ப்ளெயின்ட் குட்த்தியே, வாபஸ் வாங்குறியா, இல்லியா?"

"மாட்டேன்." தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்போ நாளைக்குக் கீழ எறங்கப்போறது நான் மட்டும்தான். வழுக்கிட்டான்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க. காத்தாலயே சொல்லி வெச்சிட்டேன் பாரு."

கழுத்தைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பற்கள் எலும்பில் முட்டின. ஆடிக்கொண்டிருந்த பல் அவன் சதையிலேயே கழன்றது. அவன் அலறிக் கையை உதற, அவள் செம்மரங்களுக்குள் ஓடினாள். விளிம்பை ஒட்டியே அவன் ஊன்றுகோலோடு துரத்திவரும் சத்தம் கேட்டது.

சாயங்காலம், குளித்துவிட்டுத் திரும்பியவர்களிடம் கலைவாணிதான் வந்து சொன்னாள். "அவரைக் காணோம்."

மறுநாள் காலையில் வனத்துறை ஆட்கள் கயிறு கட்டி லோகேஸ்வரனை மேலே கொண்டுவந்தார்கள். மண்டை பிளந்திருந்தது. விரல் நகங்கள் எல்லாம் பெயர்ந்து, மூடிய கைக்குள் ஒரு வேர்த்துண்டு இறுகிக் கிடந்தது.

எஸ்.ஐ. குனிந்து அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஒரேயடியா விழலை. வேரைப் புடிச்சிக்கினு ரொம்ப நேரம் தொங்கியிருக்கான். ஒரு கயித்தைப் போட்டிருந்தா பொழச்சிருப்பான்."

பாலையா தலையில் அடித்துக்கொண்டார். "அருவி சத்தத்துல எங்க காதுல ஒண்ணும் விழலியே சார்!"

எஸ்.ஐ. கலைவாணியின் பக்கம் திரும்பினார். "மேல இருந்தது நீ ஒருத்திதாம்மா. உன்னை அவன் கூப்டவே இல்லியா?"

"கூப்ட்டிருந்தா அக்கா சும்மா இருப்பாங்களா சார்?" பவ்யா அவளை அணைத்துக்கொண்டு அழுதாள். "அண்ணன் கூப்ட்ட குரலுக்கு ஓடுறவங்க இவங்க."

கலைவாணி மெல்ல அந்தக் கைகளை விலக்கினாள். நெற்றியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். பிறகு எஸ்.ஐ.யை விட்டுவிட்டு, பாலையாவை நேராகப் பார்த்தாள்.

"கூப்ட்டாருண்ணா. ரெண்டு வாட்டிதான்."