இடப்பக்கம் திருப்புதல்

குழாயைப் பிடிக்கச் சொன்னபோது அந்த இளம் செவிலி கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற யாராச்சும் பிடிக்கட்டுமே, சிஸ்டர்."

தலைமைச் செவிலி ஜெசிந்தா நோயாளியின் முதுகுக்கு வைக்க வேண்டிய தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

கட்டிலில் செண்பகமூர்த்தி. நாற்பத்தாறு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாரடைப்பு வந்து ஐந்து நாள். இதயத்தால் இன்னும் ரத்தத்தைத் தள்ள முடியவில்லை. தொடை வழியே போன இரண்டு தடித்த குழாய்களும் கட்டிலருகே இருந்த இயந்திரமும் அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

ஐந்து நாளும் மல்லாந்தே கிடந்தார். நுரையீரலின் அடியில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. இதயம் தேறும்வரை நுரையீரல் தாங்க வேண்டும் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும்.

திருப்பும்போது குழாய் நகரக் கூடாது.

போன மாதம் நகர்ந்தது.

வேறு கட்டில். வேறு ஆள். இரண்டு விரற்கடை தூரம்தான். விரிப்பு முழுவதும் ரத்தத்தில் நனைந்துவிட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று குழாயைப் பிடித்திருந்தது அவள்.

யார்மீதும் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அதன்பிறகு யாரையாவது திருப்புகிற நேரம் வந்தால் அவளுக்கு மருந்து அறையில் ஏதாவது வேலை இருந்தது.

இன்று ஆள் குறைவு.

ஜெசிந்தா தலைமாட்டில், வாயில் செருகியிருந்த சுவாசக் குழாயைப் பிடித்தபடி. தோளுக்கு ஒருவர், இடுப்புக்கு ஒருவர், கால் மடங்காமல் பார்க்க ஒருவர். அவள் தொடையருகே குனிந்தாள். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஓடும் ரத்தத்தின் அதிர்வு விரலில் தெரிந்தது.

ஜெசிந்தா ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

மூன்றில், அந்தப் பெரிய உடம்பு ஒரே அசைவில் இடப்பக்கம் சாய்ந்தது. அவளும் அதோடு சாய்ந்தாள்.

குழாய் நகரவில்லை.

சளியை உறிஞ்சி எடுத்தார்கள். மஞ்சளாக, நிறைய வந்தது. திரையில் எண்பத்தாறில் நின்றிருந்த ஆக்சிஜன் அளவு எண்பத்தொன்பதானது. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றிரண்டு.

"போதும்மா, விடு," என்றார் ஜெசிந்தா.

விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது.

வெளியே பெஞ்சிலிருந்து செண்பகமூர்த்தியின் மனைவி எழுந்து வந்தார். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னாள்.

"வீட்லயும் அவுக அந்தப் பக்கந்தான் படுப்பாக."

அந்த அம்மா போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் உள்ளே வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தாள். பன்னிரண்டு மணி, இடப்பக்கம் என்று எழுதினாள்.

அடுத்த வரியை ஜெசிந்தா ஏற்கெனவே தொடங்கியிருந்தார். இரண்டு மணி, வலப்பக்கம். குழாய் பிடிப்பவர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

அவளுடைய பணி நேரம் ஒன்றரைக்கு முடிகிறது.

தன் பெயரை எழுதினாள்.